அடையாற்று ஆலமரம் முதல் முட்டுக்காட்டு வீடுகள் வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு வருகிறோம். என் கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், 74 வயதான மாமியார், நான் என நான்கு பேர். மாமியார் பிறந்து வளர்ந்த ஓட்டு வீடு இப்போது இல்லை. அதைப் பற்றிப் பேசாத நாளே இல்லை. மகளுக்கு ஓவியத்தில் ஈடுபாடு. பழைய வீடுகள், ஓவியக் கூடம், தோட்டம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒரே நாளில் ஏழு இடங்களைக் காட்டுவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஏழு இடங்கள் வேண்டாம் அம்மா. மூன்றே போதும், அந்த மூன்றுக்கும்கூட ஒரு பகல் சற்றுக் குறைவுதான். ஏழு இடங்களுக்குப் போனால், வண்டியில் ஏறுவதிலும் இறங்குவதிலும் பாதி நாள் கழிந்துவிடும். உங்கள் மாமியாரோ திண்ணையில் உட்காரும் முன்பே எழுந்திருக்க வேண்டியிருக்கும். நான் பரிந்துரைப்பவை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) தோட்டம், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா ஆகியவை. மூன்றும் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ ஒரே வழியில், சுமார் 25 கிலோமீட்டருக்குள் அமைந்திருப்பதால், வந்த வழியே திரும்பிப் போய் நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

முதலில் கிழமையைத் தீர்மானியுங்கள். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவதில்லை. இந்த இரண்டு நாட்களையும் விலக்கினால், புதன்கிழமை முதல் சனிக்கிழமை வரையிலோ திங்கட்கிழமையிலோ புறப்படலாம். சபையின் தோட்டத்தில் காலையில் சிறிது நேரமும் பிற்பகலில் சிறிது நேரமும் மட்டுமே பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. நடுப்பகலில் வாயில் அடைத்திருக்கும். ஆகவே அங்கிருந்து தொடங்குவதே முறை. நீங்கள் வருவது டிசம்பரில் என்பதால் ஒரு எச்சரிக்கை: ஆண்டின் இறுதியையொட்டி அங்கே பல நாடுகளிலிருந்தும் உறுப்பினர்கள் கூடும் மாநாடு நடக்கும். அந்த நாட்களில் அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

1875ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை, 1882ஆம் ஆண்டில் அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற இடத்தை வாங்கித் தன் தலைமையகத்தை அங்கே அமைத்தது. காலப்போக்கில் அது ஆற்றங்கரையிலிருந்து கடற்கரை வரை, ஏறத்தாழ 250 ஏக்கர் பரப்புள்ள தோட்டமாக விரிந்தது. கோயில், தேவாலயம், மசூதி, புத்தர் ஆலயம் எனப் பல சமயங்களின் வழிபாட்டிடங்கள் அந்த மரங்களுக்கிடையே சிறிய அளவில் கட்டப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க முயல வேண்டாம். நேராக ஆலமரத்துக்குப் போங்கள்.

அந்த மரத்துக்கு ஏறத்தாழ 450 வயது என்கிறார்கள். 1989ஆம் ஆண்டு அடித்த புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள் நடுமரம் எங்கே என்று தேடிவிட்டு ஏமாற்றத்துடன் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் மகளை ஏதாவது ஒரு விழுதின் அருகே நிற்கச் சொல்லுங்கள். கயிறு போலக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் மெல்லிய விழுதின் நுனி ஈரமாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கும்; அதற்கு நாலடி தள்ளி, அதே மாதிரி இறங்கி மண்ணைத் தொட்ட இன்னொரு விழுது, இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூணாகப் பருத்து, மேலிருக்கும் கிளையைத் தாங்கிக்கொண்டிருக்கும். தாய்மரம் போன பிறகும் மரம் நிற்பது இந்த விழுதுகளால்தான். விழுதுகளைப் பிடித்து இழுக்கவோ அவற்றின் மேல் ஏறவோ கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் சென்னை முழுவதும் மரங்களைச் சாய்த்தபோது இந்தத் தோட்டமும் ஏராளமான மரங்களை இழந்தது. நிழல் அடர்ந்த இடங்களுக்கு நடுவே திடீரென்று வெயில் விழும் வெட்டவெளிகளைக் கண்டால், காரணம் அதுதான்.

பத்து மணி வாக்கில் அங்கிருந்து புறப்பட்டால், பத்தரை மணியளவில் சோழமண்டலத்தை அடையலாம். அங்கே என்ன பார்ப்பது என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகளுக்கு அங்கே ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள். மாமியாருக்குக் களைப்பாக இருந்தால், மரநிழலில் சிற்பங்கள் வைத்திருக்கும் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டைத் தட்சிணசித்ராவின் உணவகத்தில் வைத்துக்கொண்டு, மிச்சப் பகல் முழுவதையும் அங்கேயே செலவிடுங்கள். உங்கள் பயணத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. 1984இல் தொடங்கப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளை, டெபோரா தியாகராஜன் அவர்களின் முன்முயற்சியில், 1996 டிசம்பரில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சுமார் 10 ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 18 பழைய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. இடத்தின் அமைப்பைத் திட்டமிட்டவர், செலவு குறைந்த செங்கல் கட்டடங்களுக்குப் பெயர் பெற்ற லாரி பேக்கர். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை மாதிரிக்காகப் புதிதாகக் கட்டியவை அல்ல. இடிக்கப்பட இருந்த உண்மையான வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றி வந்து மீண்டும் எழுப்பியவை.

உங்கள் மாமியாரை முதலில் தமிழ்நாட்டுப் பகுதிக்கு அழைத்துச் செல்லுங்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகாரத்து வீடு அங்கே இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். அதனால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சமும் காற்றும் நடுவிலுள்ள முற்றத்தின் வழியாக மட்டுமே உள்ளே வர வேண்டும். வாசலை அடுத்த நடையான ரேழியின் இருட்டைக் கடந்து கூடத்துக்குள் கால் வைக்கும்போது, கண் சற்றுக் கூசி, பிறகு வெளிச்சத்துக்குப் பழகும் அந்தக் கணத்தை உங்கள் மகள் அனுபவிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகளுக்கு அது புதிது. உங்கள் மாமியாருக்கு அது நன்றாகத் தெரிந்த ஒன்று. முடிந்தால் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, பேத்தியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, நீங்களும் உங்கள் கணவரும் அரை மணி நேரம் வேறு வீடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் பேசுவார்.

அடுத்து செட்டிநாட்டு வணிகர் வீடு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும், அதற்குப் பின்னால் வரும் இரண்டாம் கட்டும் புதிதல்ல. ஆனாலும் கதவு நிலையின் செதுக்கு வேலையையும் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சையும் அவசரமில்லாமல் அருகில் நின்று பார்ப்பது தனி. அந்தப் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகம் செய்யப் போனவர்கள் கப்பலில் தேக்கு கொண்டுவந்து எழுப்பிய வீடுகள் அவை என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். தூண்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கேரளப் பகுதியில், கோட்டயம் அருகே உள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீட்டைத் தவறவிடாதீர்கள். மண்சுவர் மிகக் குறைவு. எங்கு திரும்பினாலும் மரப்பலகை. மழை அதிகமாகவும் மரம் மலிவாகவும் இருந்த நிலத்தின் வீடு அது. அதற்கு நேர்மாறாகக் கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீடு தடித்த கல்சுவரும் தட்டையான கூரையுமாக நிற்கிறது. அங்கே மழை குறைவு, வெயில் கடுமை, கல் தாராளம். ஆந்திரக் கடலோரத்தின் வட்ட வீடும் இங்கே உண்டு. அதன் ஓலைக்கூரை கிட்டத்தட்ட தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மோதுவதற்கு மூலையே இல்லாததால் புயற்காற்று அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு விலகிப் போகிறது. மூன்று வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், வீடு என்பது அந்த ஊரின் மழையையும் வெயிலையும் காற்றையும் எப்படி எதிர்கொண்டது என்பது யாரும் விளக்காமலேயே பிள்ளைகளுக்குப் புரியும். மற்ற வீடுகளை நேரம் இருந்தால் பார்க்கலாம். குயவர், கண்ணாடி ஊதுபவர் போன்ற கைவினைஞர்கள் வேலை செய்யும் இடங்களில் மகள் நின்றுவிட்டால் நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி: சோழமண்டலத்துக்கு இருமுறை போயிருக்கிறேன். நவீன ஓவியங்களைப் பார்த்து எனக்கு எதுவும் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறேன். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்?
- வாசகர், தாம்பரம்

பதில்: நீங்கள் இருமுறை போயிருக்கிறீர்கள் என்பதே உங்கள் ஆர்வத்துக்குச் சான்று. அந்த இடம் எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டு மூன்றாம் முறை போய்ப் பாருங்கள். சென்னை எழும்பூரை அடுத்த ஓவியக் கல்லூரி 1850இல் தொடங்கியது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றியது), தோல் வேலை போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் வழி செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் தங்களுக்குப் பிடித்ததை வரைந்தார்கள். அரசு உதவியோ செல்வந்தர் ஆதரவோ இல்லாமல், கையால் உழைத்துச் சம்பாதித்து ஓர் ஊரையே ஏற்படுத்திக்கொண்ட ஓவியர்கள் அவர்கள். அந்த மரியாதையுடன் உள்ளே போக வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

2009இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், சென்னை இயக்கம் என்று அழைக்கப்படும் அந்தத் தலைமுறையின் படைப்புகள் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். இரண்டு பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதலாவது பணிக்கர். 1963 முதல் அவர் வரைந்த சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில், மலையாள எழுத்து போலத் தோன்றும் வரிகள் திரை நிறைய ஓடும். படிக்க முயன்றால் பொருள் வராது. அது எழுத்தின் உருவம் மட்டுமே. கூடவே ஜாதகக் கட்டங்கள் போன்ற சதுரங்களும், கணக்குக் குறிகள் போன்றவையும், இங்கும் அங்கும் ஒரு மீனோ பறவையோ வரும். நம் வீட்டு மரப்பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பழைய ஜாதகத்தைக் குழந்தையாக இருந்தபோது விரித்துப் பார்த்திருப்பீர்கள். எதுவும் புரியாது, ஆனால் ஏதோ முக்கியமானது எழுதியிருக்கிறது என்று மட்டும் தோன்றும். அந்த உணர்வோடு நின்று பாருங்கள். புரியவில்லை என்று நீங்கள் எதைக் குறையாகச் சொல்கிறீர்களோ, அது அந்த ஓவியத்தின் முன் குறையே அல்ல.

இரண்டாவது, பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்கள். தாமிரத் தகட்டை அடித்து உருவம் எழுப்பி, அதன் மேல் கம்பிகளைப் பற்றவைத்து நகைவேலை போல நுணுக்கம் சேர்த்திருப்பார். சுற்றி வந்து பார்க்க வேண்டிய சிற்பங்கள் அல்ல அவை. எதிரே நின்று பார்ப்பதற்காகச் செய்தவை. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து, தகட்டின் விளிம்பையும் சுத்தியல் பட்ட தழும்புகளையும் கவனித்தால், ஐரோப்பிய முறையில் பயின்ற ஒருவர் நம் கோயில் கம்மியரின் கைவேலைக்குத் திரும்பி வந்ததைக் கண்ணால் காணலாம். இவ்விரண்டையும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அடுத்த முறை வேறு இருவர்.

கேள்வி: வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து வேறு ஊரில் நிறுத்துவது சரியா? வீட்டை அதன் ஊரிலேயே காப்பாற்றுவதுதானே முறை?
- வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதன் பின்னணி எனக்குப் புரிகிறது. வீட்டை அதன் தெருவிலேயே காப்பாற்றுவதுதான் சிறந்தது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஊருணியும் கோயிலும் எதிர்வீட்டுத் திண்ணையும் இல்லாத செட்டிநாட்டு வீடு, தன் பேச்சில் பாதியை இழந்த வீடுதான். முட்டுக்காட்டின் உப்புக்காற்று காரைக்குடியின் வறண்ட காற்று ஆகாது.

ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே இருந்த வாய்ப்புகள் எவை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்கள் பல நகரங்களிலும் நாடுகளிலும் இருக்கிறார்கள். ஓடு மாற்றுவதற்கே ஒருமித்த முடிவு எடுக்க முடியாமல் மழை உள்ளே இறங்குகிறது. இறுதியில் வீட்டை மரத்துக்காக விற்கிறார்கள். தூண் ஒரு நட்சத்திர விடுதிக்கும், கதவு ஒரு தொழிலதிபரின் வரவேற்பறைக்கும், உத்தரம் மரவாடிக்கும் போய்ச் சேர்கின்றன. தூண் எங்கே நின்றது, கதவு எந்தத் திசையைப் பார்த்தது என்ற அறிவு அன்றோடு அழிகிறது. தட்சிணசித்ராவில் செய்தது இதற்கு மாறானது. பிரிப்பதற்கு முன் வீட்டை அளந்து படம் வரைந்து, ஒவ்வொரு மரத்துண்டுக்கும் எண் இட்டு, அதே வரிசையில், மரபு அறிந்த தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்துப் பூட்டினார்கள். மரத்தோடு சேர்ந்து அதைப் பூட்டும் கைப்பழக்கமும் பிழைத்தது. இடிப்பதா, பெயர்ப்பதா என்ற நிலை வந்தால் பெயர்ப்பதே மேல் என்பது என் முடிவு.

அதற்காக ஊரில் நிற்கும் வீடுகளை விட்டுவிடலாம் என்று பொருள் அல்ல. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஏதாவது இருந்தால், உரிமையாளர்களின் ஒப்புதலோடு ஒரு தச்சரையும் ஓர் ஒளிப்படக்காரரையும் அழைத்துச் சென்று, வீட்டின் பகுதி பகுதியாக அளந்து பதிவு செய்து வையுங்கள். நாளை அந்த வீட்டைப் பழுதுபார்த்தாலும் பெயர்த்தாலும் அந்தத் தாள்கள்தான் முதலில் தேவைப்படும்.

கேள்வி: எனக்கு மூட்டுவலி. இந்த இடங்களில் எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? கார் இல்லாமல் போக முடியுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: போக முடியும். திருவான்மியூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே போகின்றன. ஈஞ்சம்பாக்கத்திலும் முட்டுக்காட்டிலும் இறங்கிக்கொள்ளலாம். அதிகம் நடக்க வேண்டியது பிரம்மஞான சபைத் தோட்டத்தில்தான். உங்களுக்கு வலி இருக்கும் நாள் என்றால் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பாருங்கள். தட்சிணசித்ராவில் வீடுதோறும் படி உண்டு, பழைய வீடுகளின் நிலைப்படி உயரமானது, தலைவாசல் தாழ்வானது. காலைத் தூக்கி வைக்கும்போது தலையையும் குனிய வேண்டும் என்பதால் ஒரு கை பிடிக்க ஆள் கூட இருப்பது நல்லது. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, தண்ணீர், குடை இம்மூன்றும் போதும்.

கேள்வி: இதே நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?
- வாசகர், ஆவடி

பதில்: வேண்டாம் ஐயா. 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களுக்கு ஒரு முற்பகலும், செப்புத்திருமேனிகளுக்கு ஒரு பிற்பகலும் வேண்டும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கேதான் இருக்கிறார். ஒரு பக்கம் இடை ஒடிந்து சாய, மறுபக்கம் நிமிர்ந்து நிற்கும் அந்தத் திருமேனியின் முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஆவடியிலிருந்து வருகிற உங்களுக்குப் புறநகர் ரயிலில் எழும்பூர் எட்டும் தூரம்தான் என்பதால், வேறொரு நாள் காலையில் அதற்கென்றே புறப்பட்டு வாருங்கள்.